இரட்டைத் தையல்

டயர் கடைக்காரர் சைபுதினை விவினுக்கு அறவே பிடிக்காது. போன வருஷம் அவருடைய ஏழு சீட் வண்டிக்குக் கவர் தைத்தபோது நிறம் சரியில்லை, மடிப்பு சரியில்லை என்று மூன்று தடவை பிரிக்க வைத்த புண்ணியவான். கடைசித் தடவை, கண்ணை மூடிக்கொண்டு தைத்தாயா என்று நாலு பேர் முன்னால் கேட்டார். பாண்டுங் நகரில் பத்தொன்பது வருஷமாகக் கார் சீட்டுக்குக் கவர் தைக்கிறவள் விவின். அந்தப் பேச்சை அவள் மறக்கவில்லை.

அப்பேர்ப்பட்டவர், நோன்புப் பெருநாளுக்கு நாலு நாள் இருக்கையில், வலது கையைத் துணியில் தொட்டில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, இடது கக்கத்தில் பெரிய பிஸ்கட் டின் ஒன்றை இடுக்கிக்கொண்டு பட்டறைக்குள் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. பட்டறையில் நிற்க இடமில்லை. பெருநாளைக்கு ஊருக்குப் போகிறவர்களுக்குக் கடைசி நேரத்தில்தான் சீட் கவர் ஞாபகம் வரும். வழியெல்லாம் தின்று வழியெல்லாம் வாந்தியெடுக்கிற பிள்ளைகளை நம்பிப் புதுச் சீட்டை யார் விடுவார்கள்? ரெக்சின் கவர் போடாத குடும்ப வண்டி அந்த ஊரில் சட்டை போடாத ஆள் மாதிரி.

மூன்று வாரத்துக்கு முன்னால், நாற்சந்தியில், கோஸ் ஏற்றி வந்த லாரி ஒன்று சைபுதின் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவிலேயே வந்து இடித்ததாம். கதவு உள்ளே மடங்கிவிட்டது. ஆளுக்கு முன்கையில் ஒரு விரிசல், அவ்வளவுதான். விலா எலும்பு ஒன்றுகூடப் போகவில்லை, டாக்டரே வாயைப் பிளந்தார் என்று சொல்லிச் சொல்லி மாளவில்லை அவருக்கு. இடிபட்ட சீட்டை மாற்றியாயிற்று. புதுச் சீட்டுக்கும் அதே மாதிரி கவர் வேண்டும், அளவுக்கும் நிறத்துக்கும் பழசைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டிங்கர் பட்டறை ஆட்கள் பழைய சீட்டை வேனிலிருந்து இறக்கிப் போட்டார்கள்.

விவின் எட்டிப் பார்த்தாள். சீட்டின் வெளிப்பக்கத் தையல் தோளிலிருந்து இடுப்பு வரை விட்டுப்போயிருந்தது. ரெக்சின் கிழியவில்லை. தையல் மட்டும், யாரோ உட்கார்ந்து பிரித்தது போல, நேர்கோடாகத் திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு வெள்ளைப் பை சுருங்கித் தொங்கியது. தன் கையால் தைத்த தையல் அப்படி வாயைத் திறந்து கிடந்ததைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் வெட்கம்தான் வந்தது. தப்பு நம்முடையதில்லை, எல்லாம் அந்தக் கேடுகெட்ட நூல் என்று மனசுக்குள் முதலாளியைத் திட்டினாள்.

முதலாளி எங்கோஸ் சீட்டைத் தடவிக்கொடுத்தார். பட்டறையில் எல்லோருக்கும் அவர் காங், அதாவது அண்ணன். பேசினால் காசு செலவாகும் என்பவர் போல நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிற மனுஷன், அன்றைக்குச் சைபுதினைப் பாக், அதாவது ஐயா, என்று கூப்பிட்டு வாய் ஓயாமல் பேசினார்.

"பாத்தீங்களா பாக்? ஏர்பேக்கு ஸ்டியரிங்ல மட்டுமில்ல, சீட்டுக்குள்ளயும் இருக்கு. அது வெளிய வரணும்னா மேல இருக்கற கவர் விட்டுக் குடுக்கணும். அதுக்குன்னே அந்த எடத்துல மட்டும் லேசான நூலு. கெட்டி நூலு போட்டிருந்தா பை எங்க போகும்? உள்ளயே முட்டிக்கிட்டு நின்னிருக்கும். கதவு வந்து உங்க மேல படுத்திருக்கும்."

விவின் திறந்து கிடந்த அந்தத் தையலை மறுபடி பார்த்தாள்.

அந்த நூலை எங்கோஸ் வாங்கி வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். பக்கவாட்டில் சின்னத் துணிப்பட்டை தைத்த கார் சீட் வந்தால் அந்த ஓரத்துக்கு மட்டும் இதைப் போடு என்று ஒரு பெட்டியை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. தைக்கிறவளுக்கு அதெல்லாம் எதற்கு என்று நினைத்திருப்பார். விவினும் கேட்கவில்லை. ஒரு இழை எடுத்து இழுத்துப் பார்த்தாள், பட்டென்று அறுந்தது. எங்கோஸ் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். தொழுகை நேரத்தில் மின்விசிறியை அணைக்கிறவர், வெட்டி விழுந்த ரெக்சின் துண்டைச் சாவிக்கொத்தாக்கி விற்கிறவர். நூலிலும் கை வைத்துவிட்டாரே கஞ்சன் என்றுதான் அவள் நினைத்தாள். ஏர்பேக்குக்கு அடையாளமான அந்தத் துணிப்பட்டையைக் கம்பெனி முத்திரை என்று நினைத்திருந்தாள்.

சரி, முதலாளி சொன்னது முதலாளி சொன்னதுதான் என்று எல்லா வண்டிக்கும் அதையே போட்டாள். ஆனால் தன் மனுஷர்கள் வண்டிக்கு அந்த இற்றுப்போன நூலைப் போட அவளுக்கு மனசு வரவில்லை. அவர்களுக்கு மட்டும், எங்கோஸ் அந்தப் பக்கம் போனதும், மேலே கெட்டி நைலான் நூலால் இரண்டாவது ஓட்டம் ஓட்டிவிடுவாள். இரட்டைத் தையல். யானை கட்டி இழுத்தாலும் விடாது. இரண்டு வருஷத்தில் அப்படித் தைத்தது மூன்றே வண்டிக்குத்தான். அவள் மகனைக் காப்பாற்றிக் கையில் கொடுத்த மருத்துவச்சி ஹேனியின் வண்டி ஒன்று. நாலு மாதத்துக்கு முன்னால் தம்பி ஹெண்டார் வாங்கிய வண்டி ஒன்று. மூன்றாவதை நினைக்கவே இப்போது அவளுக்குப் பயமாக இருந்தது. வாய்க்கொழுப்புக்கு வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று ஒற்றை நூலோடு அனுப்பிய சைபுதின், கல்லுக்குண்டு மாதிரி எதிரே நின்று பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்.

ஹெண்டார் அன்று விடியற்காலையில்தான் கிளம்பியிருந்தான். பெண்டாட்டி லிலிஸ், ஒன்பது வயசு மகள் சல்வா, கைக்குழந்தை, எல்லோருமாக லிலிஸின் ஊரான சியாமிஸுக்கு. அந்த வண்டியை வாங்க அவன் பட்ட பாடு விவினுக்குத் தெரியும். வாங்கின நாளிலிருந்து அவன் வாயில் வேறு பேச்சே கிடையாது. முன்னால் போகிறவன் திடீரென்று நின்றால் இது தானாகவே பிரேக் பிடிக்குமாம், கோடு தாண்டினால் கத்துமாம், ஈரத்தில் வழுக்கினால் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிடித்து நேராக்குமாம், ஆறு ஏர்பேக்காம். அந்த ஆறில் இரண்டைத் தான் தைத்து மூடிவிட்டது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டு போன் போட்டாள். லிலிஸ்தான் பேசினாள். தம்பியைப் போலவே அவளும் விவினைத் தேத்தே, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள். நாக்ரெக் மலைச்சரிவுக்கு முன்னால் ஊர்ந்து போய்க்கொண்டிருக்கிறார்களாம். சொல்லிவிட வேண்டும் என்றுதான் விவின் போனை எடுத்தாள். ஆனால் "தேத்தே தெச்ச கவர பாத்து எங்கம்மா வீட்ல எல்லாரும் அசந்துபோகப் போறாங்க பாருங்க" என்று லிலிஸ் சொன்னதும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டாள். உன் அக்காவின் தையல்தான் உன் புருஷனைக் கொல்லப் பார்க்கிறது என்று எந்த வாயால் சொல்வது? பட்டறைக்குள் இத்தனை பேர். எங்கோஸ் காதில் விழுந்தால் பத்தொன்பது வருஷப் பேர் அன்றோடு போயிற்று.

"முன் சீட்டுல ஊசி ஒண்ணு விட்டுட்டேன்னு நெனக்கிறேன் லிலிஸ். குத்திடப் போவுது. நீ பின்னாடி போய் உக்காந்துக்க. எங்கயாச்சும் நிறுத்தி ரெண்டு கவரையும் கழட்டிடச் சொல்லு அவன்கிட்ட."

நாலு மாசமாகக் குத்தாத ஊசியா இப்போது குத்தப் போகிறது என்று லிலிஸ் சிரித்தாள். இந்த நெரிசலில் எங்கே நிறுத்துவது, ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், தேத்தே சொன்னதற்காகத் தான் மட்டும் பின்னால் போய்விடுகிறேன் என்றாள். விவின் போனை வைத்தாள். நோன்பு வாயோடு பொய் சொன்னோமே என்று ஒரு பக்கம் குத்தியது. ஒருத்தியையாவது நகர்த்திவிட்டோம் என்று ஒரு பக்கம் தேற்றிக்கொண்டாள். தம்பி உட்கார்ந்திருக்கிற சீட்டை அவள் என்ன செய்வாள்? அவனுக்கு ஒன்றும் ஆகாது, நிதானமாக ஓட்டுகிறவன் என்று முணுமுணுத்துக்கொண்டே மெஷினுக்கு வந்து உட்கார்ந்தாள். நேர்க்கோட்டில் நாலு அங்குலம் தைக்க முடியவில்லை. சைபுதினுக்குத் தைக்கவேண்டிய துணியைத் தலைகீழாக வெட்டிவிட்டாள்.

அரை மணி கழித்துப் போன் அடித்தது. எடுத்தால் குழந்தைக் குரல். அப்பாவின் அக்காவை அந்த ஊர் வழக்கப்படி உவா என்று கூப்பிடுகிற பிள்ளை.

"உவா! ஊசியே இல்ல உவா. நான் நல்லாத் தேடிட்டேன். இப்ப நான்தான் முன்னாடி உக்காந்திருக்கேன். அம்மா பாப்பாவ வெச்சிக்கிட்டு பின்னாடி போயிட்டாங்க. இங்க ஒரே மழை. வண்டி வழுக்கிச்சு, மஞ்ச லைட்டு எரிஞ்சுது, அப்புறம் தானா நேராயிடுச்சு. அப்பா பயந்துட்டாரு, நான் பயப்படல."

விவின் சட்டென்று எழுந்து நின்றாள். தான் சொன்ன பொய்யே அந்தப் பிள்ளையைத் தூக்கி அங்கே உட்கார வைத்துவிட்டது. நாக்ரெக் இறக்கம், மழை, பக்கத்தில் உரசிக்கொண்டு வருகிற சிமெண்ட் லாரிகள். இனிமேல் பட்டறையாவது, பேராவது. போன் அந்த வண்டியின் ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்ததால் ஹெண்டாருக்கும் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். இங்கே யார் யாருக்குக் கேட்கும் என்று அவள் பார்க்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே கத்தினாள்.

"ஹெண்டார், வண்டிய ஓரங்கட்டு. பிள்ளைய பின்னாடி அனுப்பு. ஊசி இல்லடா. பொய் சொன்னேன். சீட்டுக்குள்ள ஏர்பேக்கு இருக்கு, நான் அது மேல கெட்டி நூலால ரெட்டத் தையல் போட்டுட்டேன். ஒண்ணுன்னா அது வெளிய வராது. ஒன் சீட்டும் அப்படித்தான். ரெண்டையும் கழட்டு."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எங்கோஸ் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். சைபுதின் நோன்பால் வாயில் வைக்க முடியாத பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். போனில் மழைச் சத்தம் கேட்டது. அப்புறம் கதவு திறந்து மூடுகிற ஓசை, பிள்ளை எதற்கோ அழுகிற ஓசை. பிறகு ஹெண்டார் பேசினான். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"எவ்வளவு நேரமாத் தெரியும் ஒனக்கு?"

"ஒரு மணி நேரமா."

"ஒரு மணி நேரமாத் தெரிஞ்சும் ஊசின்னு சொன்னியா, தேத்தே?"

விவினுக்கு அழுகைதான் வந்தது. மழையில் நனைந்துகொண்டே கவரைக் கழற்றப் பார்த்தான் அவன். அடியில் அவள் போட்ட முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை. பழம் நறுக்குகிற கத்தியால் தையலை அறுக்கப் பார்த்தான், கத்திதான் வளைந்தது. என்ன நூல் போட்டுத் தொலைத்தாய் என்று அவன் கேட்டபோது, எங்கோஸ் வந்து அவள் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். பக்கவாட்டில் கத்தியே வைக்காதே, உள்ளே பை இருக்கிறது என்றார். பின்பக்கம் நடுவில் மேலிருந்து கீழாக ரெக்சினைக் கிழித்துக்கொண்டு வா, நூலோடு மல்லுக்கட்டாதே, அப்புறம் சட்டையைக் கழற்றுகிற மாதிரி முன்னால் உரித்துவிடு என்று நிதானமாகச் சொன்னார். இரண்டு கவரும் கழன்று வர இருபது நிமிஷம் ஆயிற்று. ஹெண்டார் எங்கோஸுக்கு நன்றி சொன்னான். அக்காவிடம் கொடுங்கள் என்று சொல்லவில்லை.

பட்டறையில் முதலில் வாயைத் திறந்தவர் சைபுதின்.

"அப்ப எனக்கு மட்டும் ஏன் ஒத்தத் தையலு?"

விவின் தலைத்துணியின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இன்னொரு பொய் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை.

"உங்கள எனக்குப் பிடிக்காது பாக். பிடிச்சவங்களுக்கு மட்டும்தான் ரெட்டையாப் போட்டேன்."

சைபுதின் தன் கைத்தொட்டிலை ஒருதரம் பார்த்தார். "நல்லவேள, பிடிக்கல" என்றார். யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை. பிஸ்கட் டின்னை மெஷின் ஓரமாக வைத்துவிட்டு, கவருக்கு அவசரமில்லை, பெருநாள் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கோஸ் கடைக் கதவைப் பாதி இறக்கினார். காத்திருந்தவர்களை நாளை வரச் சொல்லி அனுப்பினார். வேறு யார் யாருக்கு என்று கேட்டார். மருத்துவச்சி ஹேனிக்கு என்றாள். அந்த வண்டி இரண்டு தெரு தள்ளி நிற்கிறது. ஒரு பெண்ணை அனுப்பி, வண்டியை எடுக்காதீர்கள், பட்டறையிலிருந்து ஆள் வருகிறது என்று சொல்லச் சொன்னார். பிறகு அவளைப் பார்த்து நின்றார். திட்டினாலும் பரவாயில்லை என்றிருந்தது விவினுக்கு. அவர் திட்டவில்லை. அந்த நூலை அவள் என்னவென்று நினைத்தாள் என்று மட்டும் கேட்டார்.

"காசு மிச்சம் புடிக்கறீங்கன்னு நெனச்சேன், காங்."

எங்கோஸின் முகம் சுண்டிவிட்டது. தன்னை ஊர் என்ன சொல்கிறது என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் பத்தொன்பது வருஷம் பக்கத்தில் இருந்தவள் வாயிலிருந்து கேட்பது வேறு.

"அது சாதா நூல விட மூணு பங்கு வெல" என்றார். "ஏன்னு நானாவது ஒரு வார்த்த சொல்லித் தொலச்சிருக்கலாம்." சொல்லிவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "அவ்வளவுதானே? ரெண்டு வண்டிதானே?"

விவின் தலை நிமிரவில்லை. வாசலில் நிழலில் நின்ற சாம்பல் நிற வண்டியை நோக்கி விரலை மட்டும் நீட்டினாள். தினமும் காலையில் எங்கோஸின் மனைவி மிமின் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்து சந்தைக்குப் போகிற வண்டி. போன நோன்பில் ஒரு நாள், எங்கோஸ் தொழப் போயிருந்த நேரத்தில், யாருக்கும் தெரியாமல் அவள் இரண்டாவது ஓட்டம் ஓட்டியது.

எங்கோஸ் அந்த வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னயக் கஞ்சன்னு நெனச்சிக்கிட்டு, என் வண்டிக்கு எதுக்குடி நல்ல நூலு போட்ட?"

"காங் வண்டியாச்சே" என்றாள் விவின்.

எங்கோஸ் மேஜை இழுப்பறையிலிருந்து தையல் பிரிக்கிற கொக்கியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். போய் வண்டிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அவள் இடப்பக்கச் சீட்டின் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து, மேலிருந்து ஆரம்பித்தாள்.

நோன்பு திறக்கிற நேரத்துக்கு ஹேனியின் வண்டியும் முடிந்திருந்தது. பட்டறையில் எல்லோர் கையிலும் வாழைப்பழமும் தேங்காய்ப்பாலும் போட்ட இனிப்புக் கஞ்சி. விவின் எங்கோஸின் வண்டிக்கே திரும்பி வந்து ஓட்டுநர் சீட்டில் கொக்கியைப் போட்டுக்கொண்டிருந்தாள். போன் அதிர்ந்தது. எந்த ஊருக்குப் போனாலும் சேர்ந்ததும் முதல் செய்தி ஹெண்டார் அவளுக்குத்தான் அனுப்புவான். சின்ன வயசிலிருந்து வழக்கம். இந்தத் தடவை அனுப்பியது லிலிஸ். வந்து சேர்ந்துவிட்டோம் என்று மட்டும் இருந்தது.

விவின் அதை இரண்டு தரம் படித்துவிட்டுப் போனைப் பையில் போட்டுக்கொண்டாள். தையல் இன்னும் பாதிகூடப் பிரியவில்லை. ஒரே இழுப்பில் வருகிற தையலா அது? ஒவ்வொரு கண்ணியாகத் தேடித் தேடி அறுக்க வேண்டியிருந்தது.